பிறர் பெயரில் ஓடும் லொறிகள்

(லொறி உரிமையாளரும் கமக்காரரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



உரிமை பற்றிப் பேசும்போது பெரிய விடயங்களையே பேசி நாம் பழகிவிட்டோம். இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருளோ சிறியதென்று சிலருக்குத் தோன்றக்கூடும். லொறியின் பதிவு, அதன் ஆண்டு அனுமதிப்பத்திரம், காப்புறுதி, தகுதிச் சான்றிதழ் என்பவையே அப்பொருள். ஆயினும் சொந்தப் பணத்தைக் கொட்டி வாங்கிய வண்டி சொந்தப் பெயரில் இல்லாமற் போவதைவிடப் பெரிய உரிமைக்கேடு எது? நம்மிடையே அத்தகைய லொறிகள் எத்தனையோ ஓடுகின்றன. அதனால் விளையும் தீங்கு என்ன, அத்தீங்கில் நமது பங்கு எவ்வளவு, அரசாங்கத்தின் பங்கு எவ்வளவு என்பதையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகின்றேன்.

லொறியை நம்பிய வாழ்வு

1958ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி இந்நாட்டின் பஸ் சேவை அரசுடைமையாயிற்று. லொறிப் போக்குவரத்தோ தனியார் கையிலேயே நின்றுவிட்டது. வடபகுதிக்கான இரயில் 1990இல் நின்றது. அது மீண்டும் யாழ்ப்பாணத்தை வந்தடைந்தது 2014 ஒக்ரோபரிலேதான். இடைப்பட்ட காலத்தில் கண்டி வீதி மூடியும் திறந்தும் கிடந்ததை நீங்கள் அறிவீர்கள். 2002இல் திறந்தது, 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடியது, போர் முடிந்தபின்பே நிலையாகத் திறந்தது. அவ்வீதி மூடியிருந்த நாள்களில் வெங்காயமும் மிளகாயும் என்ன விலை போயின, அரிசியும் மண்ணெண்ணெயும் என்ன விலை விற்றன என்பதை அனுபவித்தவர்களுக்கு லொறியின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இன்றும் சுன்னாகத்துச் சந்தையிலிருந்து புறப்படும் மூடையும், கிளிநொச்சியின் நெல்லும், தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குச் செல்லும் மரக்கறியும் லொறியையே நம்பியிருக்கின்றன. கமக்காரன் வியர்வை சிந்தி விளைவித்த பொருளுக்கு விலை கிடைக்கும் இடம் வேறொரு மாகாணத்தில் இருக்கிறது. இரண்டையும் இணைப்பது அந்த ஆறு சக்கரங்களே. அச்சக்கரங்கள் சட்டத்தின் முன் உறுதியாக நிற்கின்றனவா என்று கேட்பது கமக்காரனுடைய கேள்வியுமாகும்.

சட்டம் கேட்பது என்ன?

இத்துறையை ஆள்வது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். அதற்கு முன் 1938ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க மோட்டார்க் கார்ச் சட்டம் இருந்தது. 1951இன் சட்டம் பன்முறை திருத்தப்பட்டிருப்பினும் அதன் அடிப்படை எளிது. வண்டி பதிவு செய்யப்பட்டிருத்தல் வேண்டும். ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெறல் வேண்டும். அதைப் பெறுவதற்குக் காப்புறுதிச் சான்று காட்டல் வேண்டும். லொறியாயின் அது வீதியில் ஓடத் தக்கதென்னும் தகுதிச் சான்றிதழும் வேண்டும். 2008 முதல் புகைப் பரிசோதனையும் சேர்ந்துகொண்டது. ஓட்டுபவரிடம் அந்த வகை வண்டிக்கான சாரதி அனுமதிப்பத்திரம் இருத்தல் வேண்டும்.

இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. காப்புறுதி, வீதியில் அடிபடுபவனின் குடும்பத்துக்காக. தகுதிச் சான்றிதழ், தடுப்பு அறுந்த லொறியின் முன்னால் சைக்கிளில் செல்லும் பள்ளிப்பிள்ளைக்காக. பதிவோ எல்லாருக்குமாக. இந்த வண்டி யாருடையது, இதற்குப் பொறுப்பாளி யார் என்னும் கேள்விக்கு ஒரே விடை இருத்தல் வேண்டும் என்பதே அதன் நோக்கம். அந்த ஒரே விடையைத்தான் நாம் நமது கையாலேயே அழித்துக்கொள்கின்றோம்.

திறந்த படிவம் என்னும் நோய்

வண்டி கைமாறினால் விற்றவர் 14 நாள்களுக்குள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். வாங்கியவரும் தமது பெயருக்கு மாற்ற அக்காலத்துள் விண்ணப்பிக்க வேண்டும். நடப்பது என்ன? விற்பவர் மாற்றப் படிவங்களிற் கையொப்பம் மட்டும் இட்டு, வாங்குபவர் பெயரையும் திகதியையும் வெறுமையாக விட்டுக் கொடுத்துவிடுகின்றார். வாங்கியவர் அவற்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வண்டியை ஓட்டுகின்றார். பிறகு அதே படிவங்களோடு மூன்றாமவருக்கு விற்கின்றார். அவர் நான்காமவருக்கு விற்கின்றார். சந்தையில் இதற்கு ‘ஓப்பன் பேப்பர்’ என்று பெயர். மாற்றக் கட்டணம் மிச்சம், அலைச்சல் மிச்சம் என்று இதனைக் கெட்டித்தனமாகக் கருதுவோரும் உளர். 2020 மார்ச் முதல் 2025இன் தொடக்கம் வரை வாகன இறக்குமதி பெரும்பாலும் தடைப்பட்டுக் கிடந்தது. பழைய வண்டிகளே மீண்டும் மீண்டும் கைமாற வேண்டியிருந்த அக்காலத்தில் இந்நோய்க்கு நல்ல தீனி கிடைத்தது.

இதனால் இழப்பவர் யார் என்று பாருங்கள்.

முதலில் இழப்பவர் வாங்கியவர். ஒரு கமக்காரர் காணியை ஈடு வைத்துப் பழைய லொறியொன்றை வாங்கியதாக வைத்துக்கொள்வோம். பதிவேட்டிலுள்ளவர் கொழும்பில் இறந்துபோனார். இறந்தவரின் கையொப்பத்தைக் கொண்டு இனி எதுவும் செய்ய இயலாது. அவருடைய மரபுரிமையாளர் யார், மரணசாதன வழக்கு நடந்ததா என்று தேடி அலைய வேண்டும். அந்த வண்டியின் மேல் குத்தகை நிறுவனத்தின் கடன் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். நம் பதிவேட்டில் இரண்டு பெயர்கள் இருக்கலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒருவர் பதிவுபெற்ற உரிமையாளர். மற்றவர் முழு உரிமையாளர். கடன் தீர்ந்து முழு உரிமையாளர் விடுவிக்கும் வரை வண்டியின் உண்மையான உரிமை அவரிடமே. திறந்த படிவத்தை நம்பிப் பணம் கொடுத்தவர் வண்டியையும் இழந்து பணத்தையும் இழந்து நிற்பார்.

அடுத்து இழப்பவர் விற்றவர். விற்றுவிட்டேன், கவலையில்லை என்று அவர் வீட்டில் இருக்கின்றார். வண்டி எங்கோ ஒருவனை மோதிவிட்டு ஓடுகின்றது. அல்லது கடத்தற் பொருளோடு பிடிபடுகின்றது. அந்த இலக்கத்தைக் கொண்டு விசாரணை வந்து தட்டும் கதவு பதிவேட்டிலுள்ளவருடைய கதவே. சந்தேகத்தின் பேரில் மனிதரை நெடுங்காலம் அடைத்துவைக்கும் சட்டங்களைக் கண்ட நம்மவருக்கு இதன் பாரதூரத்தை நான் விளக்க வேண்டுமா?

மூன்றாவதாக இழப்பவர், விபத்தில் அகப்பட்டவர். காப்புறுதி என்பது ஒரு நிறுவனத்துக்கும் ஒரு மனிதருக்கும் இடையே ஏற்பட்ட உடன்படிக்கை. வண்டி கைமாறினால் காப்புறுதி தானாக அதன் பின்னால் ஓடி வராது. ஒருவர் பெயரிற் பதிவு, வேறொருவர் பெயரிற் காப்புறுதி, இன்னொருவர் கையில் வண்டி என்றால் இழப்பீட்டை மறுக்கக் காரணம் தேடுபவர்களுக்கு நாமே காரணத்தை எடுத்துக் கொடுத்தவராவோம்.

நான்காவதாக இழப்பது நமது மாகாணம். இதனை அரசியல் பேசுவோர் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். வாகன அனுமதிக் கட்டணம், 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தால் மாகாண சபைகளுக்கு ஒதுக்கப்பட்ட சில வருமானங்களுள் ஒன்று. கொழும்பு முகவரியிற் பதிவாகிக் கிளிநொச்சியில் ஓடும் லொறியின் கட்டணம் மேல் மாகாணத்துக்கே செல்கின்றது. அந்த லொறி தேய்ப்பது நமது வீதியை. வரி நிரப்புவது வேறொரு மாகாணத்தின் பெட்டியை. அதிகாரப் பகிர்வு போதாதென்று மேடைதோறும் முழங்கும் நாம், பகிரப்பட்டுக் கைக்கு வந்த சிறு வருமானத்தையும் பெட்டிக்குள் மடித்து வைத்த ஒரு படிவத்தாற் கைநழுவ விடுகின்றோம்!

2022 யூலையில் எரிபொருளுக்கு அட்டை முறை வந்ததை மறந்துவிடாதீர்கள். வண்டியின் பதிவிலக்கமும் அடிச்சட்டக இலக்கமும் கேட்கப்பட்டன. ஒவ்வொரு வண்டிக்கும் வாராந்தப் பங்கு அளவிடப்பட்டது. நெருக்கடி வரும் நாளில் அரசாங்கம் மனிதரைப் பார்ப்பதில்லை, பதிவேட்டைப் பார்க்கின்றது. பதிவேட்டில் இல்லாதவன் வரிசையிலும் இல்லாதவனாகின்றான்.

ஏற்றும் பொருளுக்கும் சீட்டு வேண்டும்

வண்டியின் பத்திரங்கள் சரியாக இருந்தாலே போதும் என்று இருந்துவிடலாகாது. மரத்தை ஏற்றினால் காட்டுச் சட்டத்தின்படி அனுமதிச் சீட்டு வேண்டும். மணலோ கல்லோ ஏற்றினால் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள் கனிப்பொருள்கள் சட்டத்தின்படி போக்குவரத்து அனுமதி வேண்டும். மாடுகளை ஏற்றினால் அதற்கும் தனி அனுமதி உண்டு.

இவற்றுள் மிகக் கடுமையானது 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கக் காட்டுச் சட்டம். களவு மரம் ஏற்றிய லொறி அரசுடைமையாகலாம். உரிமையாளர் வண்டியில் இல்லாவிடினும், குற்றம் நடவாமற் தடுக்கத் தக்க முன்னெச்சரிக்கைகளை எல்லாம் தாம் எடுத்திருந்ததை அவரே நீதிமன்றத்தில் நிலைநாட்டினாலன்றி வண்டி மீளாது. இப்போது எண்ணிப் பாருங்கள்: பதிவேட்டிலே பெயரில்லாத ஒருவர் நீதிமன்றத்திற்குச் சென்று எந்த முகத்தோடு வண்டி என்னுடையது என்று கேட்பார்? ஆகவே ஒவ்வொரு உரிமையாளரும், அனுமதியின்றி இன்னின்ன பொருள்களை ஏற்றக்கூடாதென்று சாரதிக்கு எழுத்திற் கொடுத்து, அவருடைய கையொப்பத்தையும் வாங்கிவைத்தல் நன்று. ஒவ்வொரு பயணத்தையும், ஏற்றிய பொருளையும், கொடுத்தவர் பெயரையும் ஒரு கொப்பியிற் குறித்து வரலாம். ஒரு கொப்பியின் விலை ஒரு லொறியைக் காப்பாற்றக்கூடும்.

சாரதியும் மனிதரே

லொறித் தொழிலின் ஒழுங்கைப் பற்றிப் பேசும்போது வண்டியை மட்டும் பேசி, அதனை ஓட்டுபவரை விட்டுவிடல் முறையன்று. மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலுக்குச் சம்பளச் சபை உண்டு. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி முதலாளி 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும் செலுத்தல் வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மேலும் 3 வீதம் செலுத்தல் வேண்டும். வேலையில் அடிபட்டால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கின்றது.

ஒரே லொறி வைத்திருப்பவரும் முதலாளியே என்பதை நாம் ஒப்புக்கொள்ள மனமற்றிருக்கின்றோம். “பயணத்துக்கு இவ்வளவு” என்று கையிற் கொடுத்துவிட்டாற் கடமை முடிந்ததாக நினைக்கின்றோம். அதன் விளைவு என்ன? பயணத்தின் எண்ணிக்கையே கூலியானால் சாரதி உறக்கத்தை விற்கின்றார். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இரவெல்லாம் தனியே ஓட்டி, விடியற்காலையிற் சந்தையில் இறக்கி, அன்று மாலையே மீண்டும் புறப்படுபவரின் கண் எத்தனை நாளைக்குத் தாங்கும்? பிரித்தானியாவிலே நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு கட்டாயம். அமெரிக்காவிலே பத்து மணி நேரம் ஓய்ந்த பின்பே பதினொரு மணி நேரம் ஓட்டலாம். அங்குள்ள சாரதியின் கண்ணும் நம் சாரதியின் கண்ணும் ஒரே தசையால் ஆனவைதாம்.

பாரத்தைப் பற்றியும் ஒரு சொல். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் வீதிகளை அமைத்து, அவற்றின்மேல் லொறிகளை இடையறாது ஓட்டி ஒரு பெருஞ் சோதனை நடத்தினர். ஓர் அச்சின் மேலுள்ள பாரம் இரு மடங்கானால் வீதிக்கு ஏற்படும் சேதம் இரு மடங்கன்று, ஏறத்தாழப் பதினாறு மடங்கு என்பது அதிலிருந்து பெறப்பட்ட முடிவு. இன்னும் இருபது அந்தர் ஏற்று என்று நாட்டாமைமாரை ஏவும் வியாபாரி, தமது லாபத்தைப் பெருக்கி ஊரின் வீதியை உடைக்கின்றார்.

அரசாங்கத்தின் குறை

இதுவரை நமது குறைகளைச் சொன்னேன். அரசாங்கத்தின் குறையைச் சொல்லாது விட்டால் நடுநிலை தவறியவனாவேன்.

நமது சட்டம் வண்டியைப் பதிகின்றது. வண்டித் தொழில் நடத்துபவரைப் பதிவதில் அக்கறை காட்டவில்லை. பயணிகளை ஏற்றும் பஸ்ஸுக்கு வழி அனுமதிப்பத்திரம் இருக்கின்றது. 1991ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவும் இருக்கின்றது. பிறர் பொருளைக் கூலிக்கு ஏற்றிச் செல்வோருக்கு அதற்கு நிகரான ஒழுங்கு இல்லை. ஒரு வியாபாரப் பெயரைப் பதிந்துகொண்டு எவரும் தொடங்கலாம். பொருள் வழியில் அழிந்தால், கூலிக்கு எடுத்தவர் இன்னாரென்று கமக்காரன் நிலைநாட்டுவதே பெரும்பாடு.

பிற நாடுகள் இதனை வேறு விதமாக அணுகியுள்ளன. இந்தியா 1865ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கி, 2007இல் வீதிவழிப் பொருட்போக்குவரத்துச் சட்டத்தை இயற்றியது. பொதுச் சரக்கேற்றுவோர் பதிவு செய்தல் வேண்டும், பொருளுக்குப் பற்றுச்சீட்டு வழங்கல் வேண்டும் என்று அது விதித்தது. அமெரிக்காவிலே மாநிலங்களுக்கிடையே லொறி ஓட்டும் நிறுவனம் தனக்கென ஓர் இலக்கம் பெற்று அதனை வண்டியின் பக்கத்தில் எழுதிவைத்தல் வேண்டும். கூலிக்குச் சாதாரணப் பொருள் ஏற்றும் பார லொறிகளுக்குக் குறைந்தது 750,000 டொலர் பொறுப்புக் காப்புறுதி வேண்டும். புதிதாகத் தொடங்கியவரின் ஏடுகளை அதிகாரிகள் முதல் ஆண்டிலேயே பரிசோதிக்கின்றனர்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. பதிவு என்னும் பெயரால் வலியவர் தமக்கு வேலி கட்டிக்கொள்வதும் உண்டு. 1935இல் அமெரிக்கா இயற்றிய சட்டத்தின் கீழ், புதிதாக இத்தொழிலுக்கு வர விரும்புபவர் தமது சேவை பொதுமக்களுக்குத் தேவையென்று நிலைநாட்ட வேண்டியிருந்தது. ஏற்கெனவே ஓடுபவர்கள் எழுந்து மறுப்புத் தெரிவிக்கலாம். சிறியவனுக்குக் கதவு அடைபட்டது. 1980இலேதான் அக்கதவு அகலத் திறந்தது. பிரித்தானியாவும் 1933இல் எத்தனை லொறி, யாருக்கு என்று அளந்து கொடுத்தது. 1968இல் அதனை மாற்றி, உரிமையாளரின் நற்பெயரையும் வண்டியைப் பேணும் ஆற்றலையும் பார்த்து உரிமம் வழங்கத் தொடங்கிற்று. நாம் கேட்க வேண்டியது இந்த இரண்டாவது வகையான ஒழுங்கு. எத்தனை பேர் ஓட்டலாம் என்று அதிகாரி தீர்மானிக்கக் கூடாது. ஓட்டுபவர் எவராயினும் பொறுப்போடு ஓட்டுகின்றாரா என்பதையே சட்டம் பார்க்க வேண்டும்.

மொழியைப் பற்றியும் கேட்கத்தான் வேண்டும். 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் அரச படிவத்தின் முன் தமிழனை ஊமையாக்கியது. 1987இல் 13ஆம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியென்றது. 1988இல் 16ஆம் திருத்தம் நிருவாகத்தில் அதற்குரிய இடத்தை வகுத்தது. ஏட்டில் வந்த உரிமை மேசைக்கு வந்து சேருதல் வேண்டும். தான் வாசித்தறிய முடியாத பத்திரத்தில் கையொப்பமிடுமாறு எவரையும் கேட்கலாகாது. குத்தகை நிறுவனத்தின் உடன்படிக்கைக்கும் இதுவே முறை. தமிழிலே தாருங்கள் என்று ஒருவர் கேட்டால் அவரைத் தொல்லைக்காரர் என்பர். ஊரே கேட்டால் தந்துதான் ஆகவேண்டும். படிவம் விளங்காமையும் அலுவலகம் தூரத்திலிருப்பதும் திறந்த படிவ நோயை வளர்த்த காரணங்கள் என்பதை ஆட்சியாளர் உணர்தல் வேண்டும். சொந்த மாவட்டத்திலே, சொந்த மொழியிலே, ஒரே நாளில் பெயர் மாற்றம் செய்ய வழியிருந்தால் பிறர் பெயரில் ஓட்ட எவர் விரும்புவார்?

நாம் செய்ய வேண்டியவை

அன்பர்களே, அரசாங்கம் திருந்தும் வரை காத்திருக்க வேண்டாம். இன்று செய்யத் தக்கவை உள. திறந்த படிவத்தோடு வண்டி வைத்திருப்போர், கையொப்பமிட்டவர் உயிரோடிருக்கும்போதே அவரைத் தேடிப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். தாமதக் கட்டணம் சுமையாகத் தோன்றலாம். வண்டியை இழப்பதோடு ஒப்பிட்டால் அது சுமையன்று. வாங்கப்போகின்றவர்கள் பதிவேட்டின் சாற்றைப் பெற்று, முழு உரிமையாளர் எவரேனும் உண்டா என்று பார்த்த பின்பே பணம் கொடுங்கள். விற்றவர்கள் 14 நாள்களுக்குள் அறிவித்து, அறிவித்தமைக்குச் சான்றை வைத்துக்கொள்ளுங்கள். கமக்காரர்கள் மூடையை ஏற்றுமுன், எண்ணிக்கையும் நிறையும் வண்டி இலக்கமும் குறித்த சீட்டொன்றைக் கேட்டு வாங்குங்கள்.

வழக்கறிஞர்களுக்கும் கணக்காளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். திங்களுக்கு ஒரு நாள், சந்தையடியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வந்து அமருங்கள். படிவம் நிரப்பத் தெரியாதவருக்கு நிரப்பிக் கொடுங்கள். உடன்படிக்கையை வாசித்துச் சொல்லுங்கள். படித்தவரின் பேனாவும் உழைப்பவரின் சில்லும் ஒன்று சேர்ந்தால் இந்நோய் ஆண்டிரண்டிற் தீரும்.

நமது நிலத்துக்கு உறுதி வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் போராடி வருகின்றோம். உறுதியில்லாத காணியின் கதி என்னவென்பதை நம்மைப்போல் அறிந்தவர் இல்லை. அந்த அறிவை லொறிக்கும் செலுத்துங்கள். நமது வீதியில், நமது விளைபொருளை ஏற்றிக்கொண்டு, நமது மாகாணத்துக்கு வரி செலுத்தி, நமது பெயரிலேயே அவை ஓடட்டும்.